கதவில் ஒரு துளி

தண்ணீர் சிக்கன விருதுக்காகப் பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரிக்கு, கதவு கதவாகக் காட்டிக்கொண்டே நடந்தார் தலைமையாசிரியை. எல்லாக் கதவிலும் சின்னதும் பெரிதுமாக நீலத் துளி ஓவியங்கள்.

“அஞ்சாம் வகுப்புப் பசங்களோட ப்ராஜெக்ட் சார். நான் தலையிடவே இல்ல. எந்த ரூமுக்கு எவ்வளவு பெரிய துளின்னு அவங்களே முடிவு பண்ணாங்க.”

அவருடைய அறைக் கதவில் மட்டும் துளி ஆளுயரத்துக்கு இருந்தது.

“என் மேல அவ்வளவு பிரியம்!” என்றார், வாயெல்லாம் பல்லாக.

தூரிகையும் கையுமாக நின்ற சிறுமியிடம் அதிகாரி குனிந்தார். “மேடத்துக்கு மட்டும் ஏம்மா இவ்வளவு பெரிசு?”

“மேடம் லீவு போட்ட அன்னைக்கு, எல்லா ரூம் குழாய்க்கு அடியிலயும் வாளி வச்சுப் பார்த்தோம் சார். எவ்வளவு ஒழுகுதோ அவ்வளவு பெரிய துளி. மேடம் ரூமுக்குத்தான் வாளியும் பத்தல, கதவும் பத்தல.”