கோயில் கடகம்

முல்லைத்தீவுக் கரையில் வெயில் இன்னும் சூடேறவில்லை. கரையேற்றிவிட்ட படகொன்றின் நிழலில் பனையோலைக் கடகம் இருக்கிறது. கரைக்கு வருகிறவர்கள் அதில் ஒரு மீனைப் போட்டுவிட்டுத்தான் வியாபாரிகளிடம் விலை பேசுகிறார்கள். அது மாதா கோயில் பங்கு. வாரத்துக்கு ஒன்றாக, கஷ்டப்படுகிற ஒரு வீட்டுக்குப் போகும். இந்த வாரம் யூலிற்றாவின் வீட்டுக்கு. அவளுடைய கணவன் கால் முறிந்து படுத்திருக்கிறான். அவன் படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. அவளோ விடியலிலிருந்து அடுத்தவர் வலையில் மீன் கழற்றுகிறாள். கிடைத்தது கொஞ்சம் சூடைமீனும் ஒரு பால்சுறாவும். கூலி என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சூடையைப் பையில் போட்டுக்கொண்டு, சுறாவைக் கடல்நீரில் அலசிக் கடகத்தில் வைக்கிறாள். “கடகம் உன்ர வீட்டைதானே வரப்போகுது, பிள்ளை” என்கிறார் கடகத்தருகே நிற்கும் கோயில் மூப்பர், மெல்ல. “வாறது வரட்டும் மூப்பர். அதுக்காக நான் குடுக்காமல் இருக்கேலுமோ?”  மூப்பர் குனிந்து, அந்தச் சுறாவை மட்டும் வெளியே எடுத்து ஒரு சொப்பிங் பையில் போடுகிறார். “அப்ப இது பிறின்சிக்கு. அவள் பிள்ளை பெத்து ஒரு கிழமைதானே.” காலையிலிருந்து வலைமேல் குனிந்திருந்த யூலிற்றாவின் முகம் நிமிர்கிறது. ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறாள். “குழம்பு வைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அவிச்சு உதிர்த்து, உள்ளிப்பூண்டு கூடப் போட்டு வறை வறுக்கட்டும். பால் நல்லா ஊறும்.” “ஓம், சொல்லுறன்” என்கிறார் மூப்பர், பாதருக்குச் சொல்கிற அதே பணிவுடன்.