பென்சிலில் எழுதிய எண்

வீட்டு வேலை செய்பவர்களின் சங்க அலுவலகத்தில், தொலைக்காட்சியில் மக்களவை கலைகிறது. பதவிக்காலம் முடிந்துவிட்டது, உறுப்பினர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். “நம்ம மசோதா கடைசிவரைக்கும் விவாதத்துக்கு வரவே இல்லையேக்கா?” என்கிறாள், பாத்திரம் துலக்கிய சோப்பு வாசத்தோடு ஓடிவந்தவள். “காலாவதி ஆயிடுச்சு. புது சபை, புது நம்பர், மறுபடியும் ஆனா ஆவன்னாதான்.” மசோதாக்களைப் பின்தொடர்வதையே வேலையாகக் கொண்ட அக்கா, கோப்பின் அட்டையிலிருக்கும் மசோதா எண்ணை அழிக்கிறாள். அதை அவள் என்றுமே பேனாவில் எழுதியதில்லை. அழித்து அழித்து அந்த இடம் மட்டும் மெலிந்து, தூக்கிப் பிடித்தால் ஜன்னல் வெளிச்சம் கசிகிறது. மேசையெங்கும் ரப்பர் துகள்கள். வந்தவளின் கை தானாக நீண்டு அவற்றைக் கூட்டுகிறது. “விடும்மா, இங்க நீ வேலைக்கு வரலை.” “சரிக்கா” என்கிறாள் அவள். கை, மேசையை ஓரம்வரை துடைத்த பிறகுதான் நிற்கிறது.