ஒரிஜினல் கருங்குரங்கு லேகியம்

"இதுல நெஜமாவே கருங்குரங்கு இருக்கா?"

"இன்னா இப்டி கேட்டுட்டீங்க? மலையில புடிச்ச ஒரிஜினல் கொரங்கு. ஒரு டப்பா துன்னா இளைப்பு, இருமல், மூட்டுவலி எல்லாம் ஓடிப்பூடும்."

பழக்க தோஷம். தினமும் ஒப்பிக்கிற வசனத்தை ஒப்பித்து முடித்த பிறகுதான் கலியமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். காக்கி பேண்ட், காக்கிச் சட்டை, முறுக்கிய மீசை.

போன வாரம்தான் ஆவடிப் பக்கம் மயிலெண்ணெய் விற்ற ஆளை பாரஸ்ட்காரர்கள் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மயிலுக்கே அப்படியென்றால் கருங்குரங்குக்கு வருஷக்கணக்கில் களிதான் என்று பூந்தமல்லிக் கடைத்தெரு முழுக்க அதே பேச்சு. இந்த நேரம் பார்த்தா இந்தப் பாழாய்ப்போன வாய் திறக்கவேண்டும்?

வந்தவர் பைக்குள்ளிருந்து, செய்தித்தாளில் சுற்றிய காலி டப்பா ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். விரல் படாமல் தாளோடு பிடித்திருந்தார். சாட்சிப் பொருளை அப்படித்தான் பிடிப்பார்கள் என்று கலியமூர்த்தி கேள்விப்பட்டிருந்தார்.

"இது உன் சரக்குதானே?"

"பாத்தா... அப்டித்தான் கீது சார்."

"சொல்லு. எத்தனை குரங்கைக் கொன்னே?"

உள்ளேயிருந்து கலியமூர்த்தியின் மனைவி கன்னியம்மா ஓடிவந்து, குரங்குப் படம் போட்ட போர்டைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். வந்தவர் அதையும் பார்த்துக்கொண்டேதான் நின்றார். ரொம்பத்தான் சாமர்த்தியம்.

"உண்மைய சொல்லிடுய்யா" என்று கணவனின் முதுகில் இடித்தாள் அவள். "பொய் சொன்னா நீ உள்ள பூடுவே. உண்மைய சொன்னா யாவாரம்தானே பூடும்?"

நியாயமாகத்தான் பட்டது. கலியமூர்த்தி கையைக் கூப்பினார்.

"சார், கொரங்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கருப்பட்டி, பேரீச்சம்பழம், சுக்கு, திப்பிலி, ஆடாதொடை, கொஞ்சம் நல்லெண்ணெய். அவ்ளோதான். கருங்கொரங்குனு சொன்னாத்தான் ஜனங்க வாங்குது. நான் இன்னா பண்றது?"

"கறி வாடை அடிக்குதே?"

"அது பெருங்காயம் சார். வாடை இல்லேன்னா டூப்ளிகேட்டுனு திருப்பிக் குடுத்துட்றாங்க."

வந்தவர் அவரையே உற்றுப் பார்த்தார். "என் மனசுக்காகச் சொல்லலையே?"

"சார், கருங்கொரங்க நான் பாத்ததே வண்டலூர்லதான். புள்ளைங்கள இட்டுகினு போய், டிக்கெட் எடுத்து, கூண்டுக்கு இந்தாண்ட நின்னு பாத்தேன். அது மொறைச்ச மொறைப்புல ஒரு நிமிசம்கூட நிக்கல. அதப் போயி நான் கொல்றதா?"

"அடுப்பங்கரையைக் காட்டு."

காட்டினார்கள். வந்தவர் ஒவ்வொரு சட்டியாக மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். அடுப்புச் சாம்பலைக் குச்சியால் கிளறினார். மூலையில் கிடந்த அரிவாள்மனையைக் காட்டி, "இது எதுக்கு?" என்றார்.

"கத்திரிக்கா அரிய" என்றாள் கன்னியம்மா. "இன்னிக்குக் கொழம்பு அதான்."

அப்போதும் மனுஷனுக்கு மனசு ஆறவில்லை. "கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுவியா?" என்று கேட்டார்.

பாரஸ்ட்காரர்கள் இப்படியும் விசாரிப்பார்களா என்று கலியமூர்த்திக்குத் தெரியாது. ஆனால் லேகிய விஷயத்தில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக உண்மையைப் பேசியிருக்கிறார். பிறகென்ன பயம்? சாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றி, எரிகிற சுடரை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"சத்தியமா இதுல கொரங்கு வாலு நுனிகூட இல்ல சார்."

காக்கிச் சட்டைக்காரர் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெரிய மீசை நடுங்கியது.

"அப்பாடா" என்றார். "இப்பத்தான் எனக்கு உசுரு வந்துது."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கன்னியம்மா தெருவை எட்டிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "அப்ப ஜீப்பு வராதா சார்?"

"எந்த ஜீப்பும்மா? நான் பஸ்ஸுல வந்தேன். திருமழிசை எஸ்டேட்ல நைட் வாட்ச்மேன், பேரு கங்காதரன். பனியில இளைப்பு வந்துடுச்சுன்னு என் சம்சாரம், டப்பா மேல இருந்த படத்தைக் கிழிச்சிட்டு உங்க லேகியத்தை தினமும் உருட்டிக் குடுத்துகினு இருந்திருக்கா. விசயம் தெரிஞ்சதுலேர்ந்து செத்துகினு கீறேன். சனிக்கிழமை தவறாம ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தறவன் நான். அவர் மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

கலியமூர்த்திக்கு ஜெயில் பயம் போய் வெட்கம் வந்தது. ஏமாந்த வாடிக்கையாளர் ஒருவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். "தப்பா நெனைச்சுக்காதீங்க, தெரியாம..." என்று இழுத்தார்.

"தப்பா? எளைப்பு சுத்தமா நின்னு போச்சு, அண்ணாத்தே" என்றபடி கங்காதரன் எழுந்து, அலமாரியைப் பார்த்துக் கையை நீட்டினார். "இதே மாதிரி கொரங்கு இல்லாததா இன்னும் ரெண்டு டப்பா குடு."