வலப்பக்க ஜன்னல்

"வலப்பக்கம் ஒரு ஜன்னல் வெக்கணும் பீர் முஹம்மது. உள்ளேர்ந்து பாத்தா எல்லாம் பளிச்சுனு தெரியணும். மத்தபடி எங்கியும் சந்து இருக்கக் கூடாது."

ராயப்பேட்டையில் ஷாமியானாவும் கூடாரமும் தைக்கிற பீர் முஹம்மது, ஷரஃபுதீனின் ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்தார்.

"கண்ணாடி மாதிரி மைக்காத் தகடு வெச்சுத் தெச்சுடலாம் பாய். ஆனா நாலு பக்கமும் படுதா போட்டா உள்ளே அனல் அடிக்குமே. நீங்கதான் மழையில நனைஞ்சுகினே ஓட்டறவராச்சே, இப்ப இன்னாத்துக்கு இது?"

"எனக்கில்ல. வீட்ல கூட்டிகினு போவணும்."

பீர் முஹம்மது அளவு நாடாவை எடுத்தார்.

ஷரஃபுதீனுக்கு மயிலாப்பூரில் விறகு விற்கும் தொட்டி. திருவான்மியூருக்கு அப்பால் சவுக்குத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து வெட்டுவார். மாட்டுவண்டி திணறுகிற மணலில், யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட அந்த ஜீப் அலட்சியமாகப் போய்வந்தது. தொல்லையெல்லாம் அதன் துணிக்கூரைதான். காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. மழை பெய்தால் தையல் வழியே இறங்கி மடியில் குளம் கட்டும். வெயிலில் விறைத்துப்போய் கொக்கிக்கு எட்டாமல் உயிரை வாங்கும். அவருக்கு அது பழகிவிட்டது.

ஆனால் பக்கங்கள் திறந்து கிடந்ததால் அவர் மனைவி கைசர் ஜஹான் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. அந்நிய ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண். திரை போட்ட ஜட்காவில் கல்யாண வீடுகளுக்குப் போய்வருவதோடு சரி. ஆம்பூரிலிருந்து வாழ வந்தவள். அலைச் சத்தம் வீட்டு முற்றம்வரை கேட்கும் ஊரில் இருந்துகொண்டு, கடலைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஜீப் வந்த புதிதில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒரு தபா கடலைக் காட்டுங்களேன். நீங்க ஓட்டணும், நான் பாத்துகினே வரணும்."

"படுதா தெச்சு எடுத்தாந்துடறேன் கைசர். அப்புறம் தெனம் போலாம்."

தோப்பு வெட்டு முடியட்டும் என்றார். பிறகு மழைக்காலம் போகட்டும் என்றார். அது போய், மறுபடியும் தோப்பு வெட்டு வந்தது; விடியுமுன் போனால் இரவில்தான் வீடு திரும்பினார்.

ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஜீப் சத்தம் கேட்டால் ஜன்னல் திரைக்குப் பின்னால் வந்து நிற்பவள், அதையும் விட்டுவிட்டாள். ரோஷக்காரி, கோபித்துக்கொண்டாள் என்று ஷரஃபுதீன் நினைத்தார். அவள் கேட்ட நாட்களில் உறுத்தாதது, கேட்காமல் போன பிறகு உறுத்தியது.

புதுக் கூரையோடு ஜீப் வந்த அன்று சாயங்காலம், வீட்டு வாசலில் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"படுதா தெச்சாச்சு. கெளம்பு."

கைசர் ஜஹான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இப்பவா? இருக்கட்டுங்க. இன்னொரு நாள் போலாமே."

"இன்னும் கோவமா கீறியா?"

"கோவம் இன்னா கோவம்," என்றாள். பிறகு கதவை விட்டு, "இருங்க, புர்கா போட்டுகினு வரேன்னு கூடச் சொல்ல விடாம நிக்கிறீங்களே," என்று சிரித்தாள்.

கையைப் பிடித்துப் பின்பக்கமாக ஏற்றிவிட்டார். உட்கார்ந்ததும் அவள் கூரைத் துணியைத் தடவிப் பார்த்தாள்.

"தையல் நல்லா நெருக்கமா கீதுங்க. மெனக்கெட்டுத் தெச்சிருக்காரு."

ஷரஃபுதீனுக்கு மனம் குளிர்ந்தது. பின்படுதாவை இறுக்கிக் கட்டிவிட்டு, அமெரிக்க வண்டியாதலால் இடப்பக்கம் இருந்த ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

அடையாறு பாலம் தாண்டி, பனைமரங்களுக்கு நடுவே மணலில் இறங்கினார்கள். நான்கு சக்கரமும் உறுமிக்கொண்டு ஏறின. அலை நனைத்த கெட்டி மணலுக்கு வந்ததும், கடல் வலப்பக்கம் இருக்கும்படி வடக்கே திருப்பினார். புதுக் கூரை படபடக்கவே இல்லை. அவள் பேசுவது முதுகுப் படுதாவுக்கு அப்பாலிருந்து நன்றாகக் கேட்டது.

"தெரியுதா கைசர்?"

"தெரியுதுங்க. அம்மாடி, எவ்ளோ பெருசு."

"நீலமா கீதா?"

"நீலமாத்தான் கீது. தூரத்துல இன்னும் கருநீலம்."

"கட்டுமரம்?"

"அதோ போவுதே."

ஷரஃபுதீன் வண்டியை நிறுத்தினார். இந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. ஒரு நாள் வேலை இது. ஒரு துணியைத் தைத்துப் போட மனசில்லாமல் இத்தனை நாள் இழுத்தடித்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"நல்லா பாத்துக்கோ. இனிமே எப்ப கேட்டாலும் கூட்டியாறேன்."

"ரொம்ப அழகா கீதுங்க. போதும் எனக்கு."

அவளோடு சேர்ந்து நின்று அந்தக் கடலைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. இறங்கி, ஜீப்பின் முன்புறம் சுற்றி வலப்பக்கம் வந்தார்.

மைக்காவில் மணல் கீறாமலிருக்க, பீர் முஹம்மது ஜன்னலுக்கு வெளியே ஒரு கெட்டித் துணி மூடி தைத்திருந்தார். அது நான்கு மூலையிலும் நாடா கட்டியபடியே, அவிழ்க்கப்படாமல் இருந்தது.

"கைசர்," என்றார் ஷரஃபுதீன். "ஜன்னல் மூடியே கீதே."

உள்ளே அவள் விரல்கள் மைக்காவைத் தடவும் சத்தம் கேட்டது.

"போன ரம்ஜானோட பார்வை முழுசா போயிடுச்சுங்க," என்றாள் அவள். "அதான் அப்புறம் கேக்கல."