நாண் இழுத்த கை

ஓடீல் வில்லின் நாணை முழுக்க இழுத்த நொடியில், குதிரையைவிட உயரமான அந்த ஆண் மூஸ் மான் ஒரு லாரி நீளத்துக்கு அப்பால் நின்று அவளையே நேராகப் பார்த்தது.

நேர் மார்பில் அம்பு விட்டால் எலும்பில் பட்டு, காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். நாணைத் தளர்த்தினாலோ, அந்த அசைவைக் கண்டு பாய்ந்து ஓடிவிடும். அவளால் அம்பை விடவும் முடியவில்லை, நாணைத் தளர்த்தவும் முடியவில்லை. தோள் எரிந்தது.

எங்கோ ஒரு குச்சி ஒடிந்தது. மான் பக்கவாட்டில் திரும்பி, முன்னங்காலை எடுத்து வைத்தது. காலுக்குப் பின்னே விலா நன்றாகத் தெரிந்தது. ஒரே அம்பில் இரண்டு நுரையீரலும் போய்விடும்.

ஓடீல் விடவில்லை. கடைசியில் கை சோர்ந்து நாண் தளர, மான் சதுப்பைக் கலக்கிக்கொண்டு ஓடிப்போனது.

அண்ணன் ரொசேர் கத்திக்கொண்டே வந்தான். "வில்ல வச்சிக்கிட்டு ஜெபமா பண்ணுன? வேட்டை அனுமதிக் குலுக்கல்ல உன் பேரு விழ எத்தன வருஷம் காத்துக்கிட்டிருந்தோம்! உன் புருஷனக் கூட்டியாந்திருந்தா, கண்ண மூடிக்கிட்டே அடிச்சிருப்பான்!"

ஓடீல் ஈரப்பாசியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குப் பின்னாலதான இருக்கிறதா சொன்ன?"

"அது உன்னையே மொறச்சிக்கிட்டு நின்னுச்சு. திருப்பி விடலாம்னு நான்தான் சுத்திப் போயி குச்சிய ஒடிச்சேன். அதுக்கென்ன இப்ப?"

"அம்பு மானோட நிக்காதுண்ணே, ஊடுருவி அந்தப் பக்கம் போயிடும். அதோட வயித்துக்குக் கீழ உன் ரெண்டு பூட்ஸும் தெரிஞ்சுது."