வாரம் ஒரு ஒழுகல்

"மொதல்ல கேட் வால்வை மூடுனீங்களா, இல்லீங்களா?"

"மூடிப்போட்டுத்தான் குழாயைக் கழட்டுனேன், தம்பி."

"மோட்டார் சுச்சு?"

"அதையும் ஆஃப் பண்ணிப்போட்டேன். கையை நல்லாத் தொடைச்சுட்டுத்தான் சுச்சைத் தொட்டேன். கால்ல ரப்பர் செருப்பு. நீ சொன்னதுல ஒண்ணையும் உட்டுப்போடலை."

காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் பொற்கொடி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனையில், வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிளம்பராக இருக்கும் அவள் தம்பி தமிழ்வேந்தன்.

அக்காளை 'வா, போ' என்று பேசி வளர்ந்தவன்தான். இப்போது வாய்க்கு வாய் 'ங்க' போடுகிறான். கொங்கு நாட்டில் மரியாதைக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. ஆனால் கூடப்பிறந்தவன் திடீரென்று மரியாதை கொடுத்தால், அது அடித்ததைவிட வலிக்கும்.

எல்லாம் அவள் மகள் பாப்பாவின் காதுகுத்தில் வந்த வினை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் தமிழ்வேந்தன் வந்த பஸ்ஸோ மலைப்பாதையில் பழுதாகி நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறது என்று மாமியார் வீட்டார் குதியாய்க் குதிக்க, பொற்கொடியின் பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். அரைமணி கழித்துச் சீர்த்தட்டோடு வந்தவன், தட்டை வைத்தான். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஆறு மாதம் பேச்சு மூச்சு இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால், மனசு கேட்காமல் எஸ்டேட் ஆபீஸுக்குப் போன் போட்டாள் பொற்கொடி. "நல்லா இருக்கியா சாமி?" என்றதற்குப் பதிலே வரவில்லை. "வேற வாடகை ஊட்டுக்கு வந்துட்டோம், இங்க குழாய் ஒழுகுது" என்றதும்தான் வாயைத் திறந்தான். தொழில் என்று வந்துவிட்டால் எதிரிக்கும் சொல்லித் தருவானாம்! அன்று முதல் ஞாயிறுதோறும் ஒரு பாடம். வாஷர் மாற்றுவது, குழாயின் திருகு மரையில் டேப் சுற்றுவது, அடியில் வாளி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிப்பது என்று அவளும் மனப்பாடமே செய்துவிட்டாள்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்குத் தெம்பு. ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் போட்டால், முதல் மணி அடித்து முடிப்பதற்குள் அவனே எடுத்துவிடுகிறான்.

"டேப்பை எந்தப் பக்கமாச் சுத்துனீங்க?"

அவள் ஒரு கணம் முழித்தாள். "மரை போற பக்கந்தான்."

"ரெஞ்சைப் போட்டு முறுக்கித் தள்ளலையே? பிளாஸ்டிக்கு பைப்பு, கீறல் உட்டுருமுங்க."

"கைக்கு இறுகுன பொறகு அரைத் திருப்பு. அவ்வளவுதான்."

"போன வாரம் சமையக்கட்டு, அதுக்கு முந்தி பாத்ரூமு, இப்பத் தொட்டியடி. ஒரு ஊட்ல இத்தன எடத்துலயா ஒழுகும்? அங்க பைப்பு போட்டவன் மட்டும் எங் கையில கெடைக்கோணும்!"

"பழைய ஊடு, சாமி."

"செரி. நீங்களும் நல்லாவே கத்துக்கிட்டீங்க." குரலில் பெருமை எட்டிப் பார்த்தது, பார்த்த வேகத்தில் உள்ளே போய்விட்டது. "இனி ஒழுகாதுங்க. இனிப் போன் பண்ண வேண்டியதில்லீங்க. வெச்சுடறேன்."

பொற்கொடிக்குப் பகீரென்றது. இதுவும் விட்டுப் போனால் தம்பி போனது போனதுதான். வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"வெச்சுடாத தம்பி! செவுத்துல ஈரம்... உள்ள ஓடற பைப்புல கசியுது!"

வைக்கப் போனவன் வைக்கவில்லை.

"எந்தச் செவுரு? பக்கத்துல சுச்சு போர்டு இருக்குதா?"

"இ... இருக்குது."

"அக்கா!"

அவன் போட்ட சத்தத்தில் காது அடைத்துக்கொண்டது. "பாப்பா எங்க? அந்தச் செவுத்துக்கிட்ட உட்டுறாத! ஈரத்துல கரண்டு எறங்குச்சுன்னா ஆளையே அடிச்சுப்போடும். ஊட்டுக்குப் போனதும் மாமாவக் காஞ்ச பலகை மேல நின்னு மெயினை ஆஃப் பண்ணச் சொல்லு. நீ ஒண்ணையும் தொடாத. கேக்குதா அக்கா?"

கேட்டது. எட்டு மாதமாகக் காதில் விழாத 'அக்கா' நன்றாகவே கேட்டது. பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"அட, அழுவாத. இது போன்ல சொல்லிச் செய்யற வேலையில்ல. அடுத்த பஸ்ஸப் புடிச்சு நானே வாரேன். அஞ்சு மணிக்கெல்லாம் அங்க இருப்பேன். எம்மருமகளுக்கு என்ன புடிக்கும்? முறுக்கா, முட்டாயா?"

"நீ வா கண்ணு. அது போதும்."

வெளியே வந்தாள். அவள் கணவன் நஞ்சுண்டன் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏம் புள்ள அழுவற? இன்னிக்கும் மூஞ்சி குடுத்துப் பேசலையா?"

"வாரானுங்க! சாயங்காலமே வாரான்! வாய் நெறைய அக்கான்னு கூப்புட்டுப்போட்டானுங்க!"

நஞ்சுண்டனுக்கும் வாயெல்லாம் பல். "அப்பப் போற வழியில கறி எடுத்துட்டே போயிரலாம்."

"கறி கெடக்கட்டுமுங்க. அஞ்சு மணிக்குள்ள நம்மூட்டுச் செவுத்துக்குள்ள ஒரு பைப்பு வேணுமுங்க. அது ஒழுகவும் வேணுமுங்க!"

நஞ்சுண்டன் திகைத்து நின்றான். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாள் முதல், மூன்று தெரு தள்ளியிருக்கும் பொதுக் குழாயிலிருந்து தினமும் பத்துக் குடம் தண்ணீர் சுமக்கிறவன் அவன்தான்.