எழுப்ப நல்ல நேரம்

இதயம் நின்று பிழைத்த வரதராஜுலுவை, மூளை கெடாமலிருக்க ஆஸ்பத்திரியில் குளிரூட்டிப் படுக்க வைத்து ஆறேழு மாதமாகிறது. உடம்பைச் சூடேற்றினால் அன்றே கண் விழிப்பார் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். ஆனால், சிசேரியனுக்கே நேரம் குறிக்கிற ஊர், இதற்கு மட்டும் குறிக்காமல் விடுமா? முதலில் ஆடி ஆகாது என்றார்கள். அப்புறம் அஷ்டமச் சனி விலகட்டும் என்றார்கள், அதற்கப்புறம் மார்கழி. அவரைப் புரட்டிப் புரட்டி, முதுகில் புண் வராமல் துடைத்துத் துடைத்து நர்ஸ் எஸ்தருக்குத்தான் இடுப்பு ஒடிந்தது.

தினமும் வந்து உட்காரும் அவர் மனைவி கோமளவல்லியைப் பார்த்தால் எஸ்தருக்குப் பாவமாக இருக்கும்.

"தை பிறந்தும் நாள் இல்லைங்கறாராமே! அந்த ஜோசியரை முதல்ல மாத்துங்கம்மா. மனசாட்சியே இல்லாத ஆளு."

"அவரைத் திட்டாதீங்க சிஸ்டர். தங்கமான மனுஷன். நான் சொல்லச் சொல்றதைத்தான் சொல்றாரு."

கோமளவல்லி கணவரின் சில்லிட்ட கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து இந்தக் கை என் கன்னத்துல வலிக்காமப் பட்டது இங்கே வந்தப்புறம்தான். குளிர் மட்டும் குறையாமப் பார்த்துக்குங்க."